இதர செலவுகள்

தஞ்சோங் பகாரில் பதினெட்டாம் மாடி.
அறக்கட்டளையின் முதலீட்டுக் குழு
மாலை நான்கரைக்குக் கூடியது.
குறிப்பெடுப்பது என் வேலை.

மேசை நடுவே ஒரு கம்பி,
முழ நீளம், நுனியில் ஒலிவாங்கி.
ஜூரோங்கில் ஒரு தொழிற்கூடத்தின் மூலையில்
ஹிதாயா இரண்டாண்டாய்
செய்து, உடைத்து, செய்தது.
மண்ணில் செருகினால்
மண் எவ்வளவு உயிரோடிருக்கிறதென்று
காதால் அறியலாம் என்கிறாள்.
சாட்சிக்கு நாற்பது நொடி ஒலிப்பதிவு.

போட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஏர்கானை நிறுத்தச் சொன்னாள்.
அந்த அதிகாரம் அறையில் யாருக்கும் இல்லை.
கட்டட நிர்வாகத்தைக் கூப்பிட்டு
ஆறு நிமிடம் காத்திருந்தோம்.
அது கடைசி மூச்சை விட்டது.

அப்போது கேட்டது,
ஈரத்தாளை யாரோ மெல்லக் கசக்குவதுபோல்.
இடையிடையே ஒரு சொடுக்கு.

"மண்புழுவா?"
"புழு, பூரான், வேர், எல்லாம்தான்.
லிம் சூ காங்கில் இயோவின் நாலாவது பாத்தி.
ஒன்றாவதையும் போடுகிறேன்."
போட்டாள்.
அது வெறும் நாற்பது நொடி.

பொருளாளர் திரு. குவெக்
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்:
லாபம் வேண்டாம், நாம் அறக்கட்டளை.
போட்டது திரும்பினால் போதும்.
எத்தனை ஆண்டில்?
வெளியேறும் வழி என்ன?

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது
என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
உழக்குக்கு ஆங்கிலத்தில் என்ன என்று
நான் தேடிக்கொண்டிருக்கையில்
அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ஹிதாயாவின் அட்டவணைப்படி
ஒன்றாவது பாத்தி
நாலாவதைப்போல் பேசப்
பதினோரு ஆண்டு ஆகும்.
இயோவின் குத்தகையில் மீதி ஒன்பது.
இந்தக் கழித்தல்
அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.
யாரும் வாய்விட்டுக் கழிக்கவில்லை.
நான் குறிப்பிலும் எழுதவில்லை.

சனிக்கிழமை 975ஆம் பேருந்தில் போனேன்.
இடுகாடுகளைத் தாண்டித்தான் போகிறது.
இங்கே புதைத்தவர்க்குப் பதினைந்தாண்டுத் தவணை,
பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள்.
இயோவின் கீரைக்கு இருபது.
கீரை கொடுத்துவைத்தது.

இயோ சூன் ஹெங் கம்பியை ஊன்றி
ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.
ரப்பர் காலணிகளோடு
மூச்சைப் பிடித்து நின்றோம்.
எங்கோ ராணுவப் பயிற்சியின் வெடி.
மண் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.
கொஞ்சம் பொறுத்து
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

எனக்குத் தெரிந்த பசார் மலாய்,
அவருக்குத் தெரிந்த ஆங்கிலம்:
"குத்தகை முடிந்தால்
கொட்டகையை நானே இடிக்கணும்.
குழாயைப் பிடுங்கணும்.
நிலத்தைச் சுத்தமாய்த் திருப்பித் தரணும்.
அது சரி.
மண்ணை அள்ளிக்கொண்டு போகலாமா?"

எங்கே என்றேன்.
"அது தெரியாது.
போகலாமா என்று மட்டும்
உங்கள் ஆட்களிடம் கேளுங்கள்."

கேட்கவில்லை.
கேட்டால் ஒரு துணைக்குழு அமைப்பார்கள்.

பாதித் தொகைக்கு ஒப்புதல் ஆனது.
ஈராண்டுக்கொரு மறு ஆய்வு,
கருவியின் காப்புரிமை பற்றி
மூன்று பக்கம்,
மண் பற்றி ஒன்றரை வரி.
வரவுசெலவுத் திட்டத்தை
இறுதி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.
ஒன்பதாம் ஆண்டுக் கட்டத்தில்,
இதர செலவுகளின் கீழே,
பொடி எழுத்தில் சேர்த்தேன்:
லாரி வாடகை, பன்னிரண்டு நடை.

திங்கட்கிழமை
கையெழுத்தோடு கோப்பு திரும்பியது.
எந்தப் பக்கத்திலும் திருத்தமில்லை.
அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும்
திரு. குவெக்கின் பென்சில்:
பன்னிரண்டு போதுமா?